கண்ணுக்குத் தெரியாத தோல்

அவரைப் போலச் சுத்தமான ஒரு மனுஷனை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. இதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் இன்றைக்கு இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறார் என்றால், அதற்கு அந்தச் சுத்தமான மனுஷன்தான் காரணம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் அவரைப் பற்றிச் சொல்லப்போகிற நல்லதையெல்லாம் கேட்டு நீங்களும் என்னைப் போல ஏமாந்துபோவீர்கள்.

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற ரோட்டில், கோழிப்பண்ணைகளுக்கு நடுவே எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் தகரக் கூரை போட்ட இரண்டு ஷெட். உடைந்த எலும்பைச் சேர்த்துப் பிடித்து வைக்கிற ஸ்டீல் பிளேட்டும் அதை முறுக்குகிற ஸ்க்ரூவும் அங்கே செய்தோம். வெளியே கோழி எரு நாற்றம், உள்ளே ஆசிட் நாற்றம். அவர் அங்கே மேனேஜர். பிளேட்டுகளைக் கடைசியாகப் பார்த்து, கவரில் போட்டு, ஒட்டி அனுப்புகிற பகுதிக்கு நான் பொறுப்பு. அவரை நாங்கள் அண்ணா என்போம். அவர் எங்களை அம்மிணி என்பார். ஆண்கள் எல்லோரும், அவரைவிட மூத்தவர்கள் உட்பட, அவருக்குச் சாமிதான்.

கதவை அவர் கையால் திறந்து நான் பார்த்ததே இல்லை. முழங்கையால் தள்ளுவார். கையுறை போட்ட பிறகு மூக்கு அரித்தால் தோளைத் தூக்கி மூக்கில் தேய்த்துக்கொள்வார். டீ வந்தால் கையுறையைக் கழற்றி, கை கழுவி, குடித்து, மறுபடியும் கை கழுவி, புதுக் கையுறை போடுவார். ஒரு டீ குடிக்க அவ்வளவு வேலையா என்று நாங்கள் கேலி செய்வோம். கல்யாண வீட்டில் இலையில் தண்ணீர் தெளித்தால், எல்லோரும் துடைத்துவிட்டுச் சாப்பாட்டைப் பார்ப்பார்கள். இவர் தண்ணீர் இலையில் எப்படி ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். பரிமாறுகிறவன் கையில் கரண்டியோடு காத்து நிற்பான்.

தண்ணீரைப் பார்க்கிற பழக்கம் தொழிலில் வந்தது. கழுவிய பிளேட்டைத் தண்ணீரில் முக்கி எடுத்துச் சாய்த்துப் பிடித்தால், தண்ணீர் ஒரே படலமாக வழிய வேண்டும். எங்காவது எண்ணெய் இருந்தால் அந்த இடத்தில் தண்ணீர் ஒட்டாது, சேப்பங்கிழங்கு இலையில் போல முத்து முத்தாக நிற்கும். அப்படி ஒரு முத்து நின்றால் போதும், அந்தத் தட்டில் இருக்கிற பிளேட் அத்தனையும் திரும்பக் கழுவப் போக வேண்டும். ஒரு தடவை அவசரமாக அனுப்ப வேண்டிய சரக்கை இப்படித் திருப்பிவிட்டார். முதலாளி செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவர், அங்கிருந்து போனில் கத்தினார். இவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, கத்தி முடிகிறவரைக்கும் காத்திருந்து, ஒன்றே ஒன்று சொன்னார்.

"உள்ள போறதுங்க."

அதுதான் அவர் வார்த்தை. மனுஷ உடம்புக்குள்ளே போகிற பொருள், அதில் விளையாட முடியாது என்று அர்த்தம். அதை அவர் எல்லாவற்றுக்கும் சொல்வார். பஜ்ஜிக் கடையில் எண்ணெய் கறுத்திருந்தால் சொல்வார். பேக்கிங்கில் இரண்டு பெண்கள் சண்டை போட்டு ஒருத்தி மற்றவளின் பிள்ளையை இழுத்துப் பேசிவிட்டாள் என்றால், பேச்சும் உள்ளே போகிறதுதான் என்று அவளை நிறுத்துவார். நாங்கள் வீட்டில் பிள்ளைகளை மிரட்டுவதற்குக்கூட அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு போனோம்.

முருகேசன் என்று ஒருத்தன் பாலிஷ் போடுகிற வேலைக்குப் புதிதாக வந்தான். ஆத்தூர்ப் பக்கம், கூலிக்குப் போகிற குடும்பம். வந்த முதல் வாரமே அவன் ஒரு பிளேட்டை வெறும் கையால் எடுத்துக் கொடுத்தான். இவர் வாங்கவில்லை, கீழே வைக்கச் சொன்னார். அவனுக்கு முகம் கறுத்துவிட்டது. எங்களூரில் கையிலிருந்து வாங்காமல் கீழே வைக்கச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாப்பாட்டு நேரத்தில் அவன் தனியாகப் போய் உட்கார்ந்து, நாளையிலிருந்து வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். யாரோ போய் இவரிடம் சொன்னார்கள்.

இவர் வந்தார். கையுறையைக் கழற்றினார். சுத்தமான ஒரு பிளேட்டில் தன் கட்டைவிரலை அழுத்தி, அதைப் பெரிதாகக் காட்டுகிற கண்ணாடிக்குக் கீழே வைத்து அவனைப் பார்க்கச் சொன்னார். ரேகை ரேகையாக அழுக்கு தெரிந்தது. "இது என்ற கைங்க சாமி. என்ற கை பட்டாலும் கழுவத்தான் வேணும்." சொல்லிவிட்டு அவன் குடித்து வைத்திருந்த டம்ளரிலேயே தண்ணீர் ஊற்றிக் குடித்தார். அன்றைக்கு எங்களுக்கெல்லாம் கண் கலங்கியது. முருகேசன் அதற்குப் பிறகு அவருக்காக எதையும் செய்கிற ஆளாகிவிட்டான். அதையும் நான் இப்போது வேறு மாதிரி நினைத்துப் பார்க்கிறேன்.

ஸ்டீல் ஏன் துருப்பிடிப்பதில்லை என்று எனக்குச் சொன்னவரும் அவர்தான். நான் அதுவரைக்கும் எவர்சில்வர் என்றால் எப்போதும் துருப்பிடிக்காது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். அதன் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய தோல் இருக்கிறதாம், அதுதான் உள்ளே இருக்கிற இரும்பைக் காப்பாற்றுகிறது. உடம்புக்குள்ளே இருப்பது உப்புத் தண்ணீர். தோல் சரியாக இல்லாத பிளேட்டை உள்ளே வைத்தால் அந்த உப்பு அதைப் பொத்தல் பொத்தலாகத் தின்னும். பிளேட்டிலிருந்து கரைகிறது சதையில் இறங்கும். அதனால் கரண்ட் விட்ட தொட்டியில் பிளேட்டைத் தொங்கவிட்டு மேலே உள்ள கரடுமுரடை எடுத்து, பிறகு நைட்ரிக் ஆசிட்டில் ஊறவைத்து, அந்தத் தோலை நன்றாக வளரவிட வேண்டும். எங்கள் கம்பெனியின் மானமே அந்த இரண்டு தொட்டியில்தான் இருந்தது.

ஒரு நாள் பிளேட் பார்க்க வந்த ஒரு ஆள், கண்ணாடி மாதிரி இருக்கிறதே, முகம் தெரிகிறதே என்று வியந்தார். நாங்கள் பெருமையாகச் சிரித்தோம். இவருக்குப் பிடிக்கவில்லை.

"மினுக்கு, பாத்திரக் கடைக்காரருக்குங்க. மினுக்கு வேற, தோலு வேற. நம்முளுக்குத் தோலு."

இப்படிப்பட்ட மனுஷனை நம்பாமல் வேறு யாரை நம்புவது? பெற்ற அப்பனை நம்புகிற மாதிரி நம்பினேன். இன்னும் சொன்னால் என் அப்பனை நான் அவ்வளவு நம்பியதில்லை.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் ஒரு பெரிய இடி விழுந்து, தொட்டிக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கிற பெட்டி எரிந்துபோயிற்று. சரிசெய்ய வெளியூரிலிருந்து சாமான் வர வேண்டும் என்றார்கள். சில நாள் வேலை நின்றது. பிறகு ஒரு நாள் பிளேட்டுகள் வழக்கம் போல என் மேஜைக்கு வர ஆரம்பித்தன. வெளியே கொடுத்துச் செய்ததாக அவர் சொன்னார். அவை வழக்கத்தைவிட அதிகமாகப் பளபளத்தன. இந்தத் தடவை ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்று நானே சொன்னேன். மினுக்கைப் பற்றிச் சொன்னால் எப்போதும் சிடுசிடுக்கிறவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆசிட்டில் போட்டாயிற்றா என்று கேட்டேன், கேட்பது என் வேலை. ஆச்சுங்க என்றார். அவர் ஆச்சு என்று சொன்னால் ஆயிற்றுதான். கவரில் போட்டு ஒட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய அம்மா வாசலில் வழுக்கி விழுந்து முன்னங்கையை உடைத்துக்கொண்டார். நாங்கள் பேக்கிங் பெண்கள் நாலு பேர் சேர்ந்து, சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தோம். சேலத்தில், நாங்கள் பிளேட் கொடுக்கிற அதே ஆஸ்பத்திரி. இவர் அம்மாவுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார், ஸ்பூனைச் சுடுதண்ணீரில் கழுவிக் கழுவி. நம் கம்பெனிப் பிளேட் போட்டு நல்லபடியாக ஆயிற்று அம்மா என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். அவர் தலையை நிமிர்த்தாமல் இன்னொரு வாய் ஊட்டினார். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம், பிள்ளை என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று சொன்னேன்.

என் வீட்டுக்காரர் முட்டை லாரி ஓட்டினார். நாமக்கல்லில் ஏற்றினால் கேரளாவில் இறக்குவார். மழை வருகிற மாதிரி இருந்தது என்று லோடின் மேலே ஏறித் தார்ப்பாய் கட்டும்போது, கயிறு அறுந்து மேலேயிருந்து ரோட்டில் விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம். டாக்டர் எங்கள் கம்பெனியை அறிந்தவர். உங்க கம்பெனிப் பிளேட்தானே போடப்போகிறோம், நீங்களே நல்லதாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள் என்று சிரித்தார்.

நான் கம்பெனிக்குப் போய் அவர் முன்னால் நின்றேன். எரிந்த பெட்டிக்குச் சாமான் அப்போதும் வந்திருக்கவில்லை. அழுதுகொண்டே சொன்னேன். அண்ணா, நீங்க உங்க கையால ஒண்ணு எடுத்துக் குடுங்க, எனக்கு அது போதும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கை கழுவினார், கையுறை போட்டார், அலமாரியைத் திறந்து தொடை அளவுப் பிளேட் இருந்த பெட்டியை எடுத்து, அதிலிருந்து ஒரு பிளேட்டைக் கண்ணாடிக்குக் கீழே வைத்து வெகுநேரம் பார்த்தார். கண்ணாடி வழியாக என்னத்தைப் பார்த்தார் என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை. நல்லாயிருப்பாருங்க அம்மிணி, தைரியமாப் போங்க என்று கொடுத்தார். நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. சில மாதம் கழித்துத் தொடையில் வலி என்றார். நடக்கப் பழகும்போது வலிக்கும்தான் என்று நினைத்தோம். பிறகு வீங்கியது. தோல் ஒரு மாதிரிச் சாம்பல் நிறமாயிற்று. பிறகு சீழ். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு ஒட்டவே இல்லை, பிளேட்டை எடுத்துவிட வேண்டும் என்றார். எடுத்தார். சுற்றியிருந்த சதை கறுத்துப்போயிருந்ததால் அதையும் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு தட்டில் அந்தப் பிளேட்டைக் காட்டினார். ஸ்க்ரூ போகிற ஓட்டைகளைச் சுற்றிப் பழுப்புப் பழுப்பாகத் துரு. நடுவே ஊசியால் குத்தின மாதிரிப் பொத்தல்கள். அதில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன், அந்தப் பளபளத்த சரக்கு அது.

அப்போதும் நான் அவரைச் சந்தேகப்படவில்லை. வெளியே செய்து கொடுத்தவன் அவரையும் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தேன். பாவம், அவருக்குத் தெரிந்தால் மனசு உடைந்துவிடுவார் என்றுகூட நினைத்தேன். ஆபரேஷன் அறையில் வேலை செய்கிற நர்ஸ் பக்கத்தில் நின்று தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், உங்கள் மேனேஜர் தன் அம்மாவுக்கு வெளியூர்க் கம்பெனிப் பிளேட்தான் வேண்டும் என்று வாங்கிக்கொண்டு வந்தார், உங்களிடம் அந்த அளவு இல்லையாமே என்று. அந்த அளவுப் பிளேட் எங்களிடம் பெட்டி பெட்டியாக இருந்தது. ஒட்டினவள் நான்.

முருகேசனைப் பிடித்துக் கேட்டேன். அவன் முதலில் தரையைப் பார்த்தான். பிறகு சொன்னான். தொட்டி ஓடாததால் பிளேட்டுகளைச் சாக்கில் கட்டி ஆட்டோவில் ஏற்றி, சேலத்தில் பாத்திரத்துக்கு மெருகு போடுகிற பட்டறைக்குக் கொண்டுபோனார்களாம். அங்கே இரும்புக் கதவுக் கைப்பிடிக்கும் எவர்சில்வர் குடத்துக்கும் ஒரே சக்கரம்தான். அந்தச் சக்கரத்தில் இருந்த இரும்புத் தூள் எல்லாம் பிளேட்டில் ஏறிவிட்டது. முதலில் வந்த கொஞ்சத்தை அண்ணன் ஆசிட்டில் போட்டுப் பார்த்தார், எல்லாம் கறுத்துவிட்டது. அவ்வளவுதான், மீதியை ஆசிட் பக்கமே கொண்டுபோகாதே என்று சொல்லிவிட்டார். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னார். சரக்கை நிறுத்தமாட்டேன் என்று முதலாளிக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம், பெட்டி சரியானதும் பழையபடி செய்துகொள்ளலாம் என்றாராம்.

"நீ ஏன் என்கிட்டச் சொல்லலை?" என்று கேட்டேன்.

"அவரே பண்றாருன்னா அது சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேங்க்கா."

அவனை நான் என்ன சொல்ல முடியும்? நானும் அதையேதான் நினைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய அம்மா வாசலில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, உடைந்த அந்தக் கையாலேயே என் கன்னத்தைத் தடவினார். "வா சாமி. என்ற கையப் பாரு, பழையபடி ஆயிருச்சு. ஊட்டுக்காரருக்குக் கால் எப்படி இருக்குது?" அந்த அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. மோர் கொண்டுவந்து கொடுத்தார். என்னால் குடிக்க முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. டம்ளரைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அவர் உள்ளேயிருந்து வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். நான் கத்த வேண்டும் என்றுதான் போயிருந்தேன். அவர் அம்மா காதில் விழாமல் மெதுவாகத்தான் பேசினேன். முதலாளிக்காகச் செய்தீர்கள், சரி. ஊருக்கெல்லாம் அனுப்பினீர்கள், சரி என்று வைத்துக்கொள்வோம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, வெளியூர்ப் பிளேட் வாங்கிக்கோ என்று. காரணம்கூடச் சொல்ல வேண்டாம். நம்மிடம் அளவு இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யையே எனக்கும் சொல்லியிருக்கலாமே. இப்படித்தான் கேட்டேன்.

அவர் வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

"அளவு இல்லைன்னு சொன்னா நீங்க நம்பமாட்டீங்க அம்மிணி, எல்லாப் பெட்டியும் உங்களுக்குத் தெரியும். காரணம் கேப்பீங்க. சொன்னா நீங்க சும்மா இருக்கமாட்டீங்க. நேரா டாக்டர்கிட்டப் போயிருவீங்க. அது எனக்குத் தெரியுமுங்க."

அத்தனை வருஷத்தில் அவர் என்னை ஒரு தடவையும் பாராட்டியதில்லை. அன்றைக்குத்தான் பாராட்டினார். அவர் சொன்னது நிஜமும்கூட. மோர் டம்ளரைத் துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டு, அங்கிருந்து நேராக டாக்டரிடம்தான் போனேன்.

டாக்டர் முதலில் நம்பவில்லை, பிறகு பயந்தார், பிறகு ஆட்களைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்தப் பிளேட் வைத்தவர்கள் ஒவ்வொருத்தராக வந்தார்கள். மேச்சேரியிலிருந்து ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர். தம்மம்பட்டியிலிருந்து மரவள்ளி பிடுங்கப் போய் விழுந்த ஒரு பெண், கைக்குழந்தையோடு. சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலருக்கு ஆகியிருந்தது. கம்பெனியை மூடிவிட்டார்கள். என்னோடு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்த பெண்கள் இப்போது என்னைச் சந்தையில் பார்த்தால் பேசுவதில்லை, அவர்கள் வேலை போனதற்கு நான்தான் காரணமாம். அவரை யாரும் திட்டி நான் கேட்கவில்லை. பாவம், முதலாளியின் நெருக்கடி என்கிறார்கள்.

நெருக்கடியை நான் ஒத்துக்கொள்கிறேன். முகம் தெரியாதவர்களுக்கு அனுப்பும்போது மனுஷன் கண்ணை மூடிக்கொள்வான், அதுகூட எனக்குப் புரிகிறது. ஆனால் நான் முகம் தெரியாதவளா? எதிரில் நின்று அழுதவள். அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் எப்படிப்பட்டவள் என்று எடை போட்டார், போட்டுவிட்டுத்தான் அந்தப் பெட்டிக்குள் கையை விட்டார். 

நான் டாக்டரிடம் போய்ச் சொன்ன அன்றைக்குச் சாயந்திரம் ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால் ஒரு விரல் அளவு குட்டையாகிவிடும், இனி லாரி ஓட்ட முடியாது என்று மத்தியானம்தான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவருக்கு அந்த மனுஷன்மேல் பெரிய மரியாதை. வழியில் பார்த்தால் லாரியை ஓரங்கட்டி இறங்கிப் பேசிவிட்டுத்தான் போவார். என்ன சொன்னாரு என்று என்னைக் கேட்டார். எனக்கு மறைக்கத் தெரியாது. அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

கட்டுப் போட்ட தன் காலைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நீ கொஞ்சம் பொய் சொல்றவளா இருந்திருந்தா, எனக்கு வேற பிளேட் கெடச்சிருக்கும். அப்படித்தான?"

இல்லைங்க மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பொய்யும் எனக்கு வரவில்லை.